தடங்கலுக்கு வருந்தும் முன்

2021 செப்டம்பர் 25, சனிக்கிழமை. மாலை ஆறு மணி தாண்டிச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும். மேற்கு லண்டனின் ஒயிட் சிட்டி பகுதியில் ரெட் பீ மீடியா என்ற நிறுவனத்தின் ஒளிபரப்பு மையம் இருந்தது. பிரிட்டனின் பெரிய சேனல்கள் பலவும் அப்போது அங்கிருந்துதான் வீடுகளுக்குப் புறப்பட்டன. அன்று அந்த மையத்தின் தீயணைப்பு அமைப்பு திடீரென்று இயங்கியது.

சர்வர்கள் நிறைந்த அறையில் தண்ணீரைத் தெளிக்க முடியாது. அதனால் தீயை மூச்சுத்திணற வைக்கும் வாயுவை உருளைகளில் அடைத்து வைத்திருப்பார்கள். அந்த வாயு பீறிட்டு வந்த வேகத்தில் எழுந்த ஒலி அலை, அறையிலிருந்த ஹார்ட் டிஸ்குகளைச் சிதைத்துவிட்டது. நம்பக் கடினமாக இருக்கலாம், ஆனால் இது முதல் முறை அல்ல. 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஐ.என்.ஜி. வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு ஒத்திகை நடத்தினார்கள். வாயு வெளிவந்த சத்தத்திலேயே டிஸ்குகள் கெட்டு, வங்கியின் சேவை மணிக்கணக்கில் நின்றது. ஹார்ட் டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழலும். அதைப் படிக்கும் ஊசிமுனை, தட்டைத் தொடாமல் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் மிதந்துகொண்டிருக்கும். பேரொலி அந்த இடைவெளியை அசைத்தால் போதும்.

லண்டனில் சேனல் 4, அதன் துணைச் சேனல்கள், சேனல் 5 எல்லாம் தடைபட்டன. பிபிசியின் சேனல்களும் தடுமாறின, ஆனால் மாற்று மையத்துக்குத் தாவிச் சமாளித்துக்கொண்டன. சேனல் 4 அவசரகால ஏற்பாட்டின் மூலம் அன்றிரவே திரைக்குத் திரும்பியது. படம் வந்தது, ஒலி வந்தது, விளம்பரமும் வந்தது.

சப்டைட்டில் மட்டும் வரவில்லை. பார்வையற்றோருக்காகக் காட்சியை விவரிக்கும் ஒலித்தடமும் வரவில்லை, சைகை மொழி நிகழ்ச்சிகளும் வரவில்லை. இவற்றை உருவாக்கும் அமைப்பு சரிசெய்ய முடியாதபடி பாழாகியிருந்தது. அதற்கென்று இருந்த மாற்று ஏற்பாடும் வேலை செய்யவில்லை. புதிய அமைப்பை அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. சேவை படிப்படியாகத் திரும்பி முழுமை பெற நவம்பர் நடுப்பகுதிக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு சனிக்கிழமை மாலை சில நிமிடங்களில் நடந்த விபத்து, காது கேளாதவர்களின் வீடுகளில் வாரக்கணக்கில் நீடித்தது.

கறுப்பு வெள்ளைப் பெட்டிக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற வாசகம் மறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் நடுவே அது வந்து நிற்கும். தெரு முழுவதும் ஒரே வீட்டில் உட்கார்ந்து அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருக்கும். எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு பெட்டியைத் திருகிச் சரிசெய்துகொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில் எல்லோரும் காத்திருப்போம். அந்த நம்பிக்கை சரியானதுதான். அப்போது தொலைக்காட்சி என்பது உண்மையாகவே ஓர் அறை, அந்த அறையில் சில பெட்டிகள், அவற்றை அறிந்த சில மனிதர்கள்.

அந்த அறை இப்போது உலகெங்கும் கலைந்துகொண்டிருக்கிறது. பெட்டிகள் செய்துவந்த வேலைகள், எந்த அலுவலகத்திலும் இருக்கக்கூடிய சாதாரண சர்வர்களில் ஓடும் மென்பொருளாக மாறுகின்றன. தொலைக்காட்சிப் பொறியியலில் வண்ணம் வந்ததையும் டிஜிட்டல் வந்ததையும்விட இது ஆழமான மாற்றம் என்று நினைக்கிறேன். அவை திரையில் தெரிந்த மாற்றங்கள். இது திரையில் தெரியாது. ஏதாவது கெடும்போதுதான் தெரியும்.

அம்மியும் ஆட்டுக்கல்லும்

ஒரு சேனலின் எம்.சி.ஆர். எனப்படும் முதன்மைக் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தால், சுவர் நிறைய மானிட்டர்களும் குளிரூட்டப்பட்ட ரேக்குகளும் தெரியும். நிகழ்ச்சிகளைச் சேமித்து வைத்து வரிசைப்படி ஓடவிடுவது ஒரு பெட்டி. நிகழ்ச்சியிலிருந்து விளம்பரத்துக்கு மாற்றுவது இன்னொன்று. மூலையில் லோகோ பதிப்பது ஒன்று, கீழே ஓடும் செய்தி வரியைப் போடுவது ஒன்று, சப்டைட்டிலைச் செருகுவது ஒன்று. விளம்பரம் வந்ததும் ஒலி எகிறாமல் பார்த்துக்கொள்ள ஒன்று, எல்லாவற்றையும் சுருக்கிச் செயற்கைக்கோளுக்கு அனுப்ப ஒன்று. நடுவில் ரவுட்டர், அதாவது நூற்றுக்கணக்கான வரவுகளில் எதை எந்தப் போக்குக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் பெரிய சந்திப்பு.

நம் பழைய அடுக்களையும் இப்படித்தான் இருந்தது. மசாலைக்கு அம்மி, மாவுக்கு ஆட்டுக்கல், நெல்லுக்கு உரல். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. ஆனால் ஒவ்வொன்றும் தன் வேலையைப் பிசகாமல் செய்யும், தலைமுறை தாண்டியும் உழைக்கும். ஒளிபரப்புப் பெட்டிகளும் அந்த இனம். உள்ளே அந்த ஒரு வேலைக்கென்றே செய்யப்பட்ட மின்சுற்று இருக்கும். மின்சாரம் கொடுத்தால் நொடிகளில் எழும், பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓயாமல் ஓடும்.

இந்தப் பெட்டிகளைப் பிணைத்தது எஸ்.டி.ஐ. என்ற முறை. பி.என்.சி. கனெக்டரைக் குத்தித் திருகினால் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும் வட்டக் கேபிள். 1989இல் தரப்படுத்தப்பட்டபோது அதில் நொடிக்கு 270 மெகாபிட் ஓடியது. எச்.டி. வந்தபோது 1998இல் 1.485 கிகாபிட்டாகவும், 2006இல் அதன் இரு மடங்காகவும், 4கே படங்களுக்காக 2015இல் 12 கிகாபிட்டாகவும் உயர்ந்தது. ஒரு கேபிளில் ஒரே ஒரு காட்சி, அதுவும் ஒரே திசையில். எச்.டி. படத்தைச் சுமார் நூறு மீட்டர் வரை கொண்டுபோகும், அதற்குமேல் நடுவில் வலுவூட்ட வேண்டும். ஆனால் இந்த முறையில் ஓர் அழகு இருந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் பழுது இருக்கும் இடத்துக்குப் போய்விடலாம். கையால் தொட்டுக் கண்டுபிடிக்கக்கூடிய உலகம் அது.

சிக்கல், வளர்ச்சியில் வந்தது. புதிதாக ஒரு சேனல் தொடங்க வேண்டுமென்றால் மொத்த வரிசையையும் இன்னொரு முறை வாங்க வேண்டும். ரேக்குக்கு இடம், கேபிளுக்கு வழி, குளிரூட்ட மின்சாரம், எல்லாம் புதிதாக வேண்டும். தேர்தல் இரவுக்கு மட்டும் நான்கு கூடுதல் வெளியீடு தேவைப்பட்டால், அந்த ஓர் இரவுக்காக வாங்கிய பெட்டிகள் ஆண்டு முழுவதும் சும்மா கிடக்கும். எச்.டி.யிலிருந்து 4கேக்கு மாறும்போது வேலை செய்துகொண்டிருந்த பெட்டிகளைக்கூடக் கழற்றி வீச வேண்டும். இந்தப் பெட்டிகளை வாங்குவோர் உலகெங்கும் சில ஆயிரம் நிறுவனங்கள்தாம், அதனால் விலை இறங்கவும் வழியில்லை. மறுபுறம் வங்கிகள், இணைய வணிகம், சமூக ஊடகங்கள் எல்லாம் கோடிக்கணக்கில் சாதாரண சர்வர்களை வாங்கிக் குவித்தன. அவற்றின் திறன் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது, விலை இறங்கியது. தொலைக்காட்சியும் அந்தக் கடைக்கே போக வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது இயல்புதான்.

அடுக்குக் கேரியர்

முதல் படி, வட்டக் கேபிளை விட்டு இணையத்தின் மொழிக்கு மாறுவது. தொடக்கத்தில் எஸ்.டி.ஐ.யை அப்படியே பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்பிப் பார்த்தார்கள். 2017இல் எஸ்.எம்.பி.டி.ஈ. என்ற பொறியாளர் அமைப்பு எஸ்.டி. 2110 என்ற தரத்தின் முதல் பகுதிகளை வெளியிட்டது. இன்று நடக்கும் மாற்றத்தின் அடித்தளம் அதுதான்.

பழைய கேபிளில் படம், ஒலி, சப்டைட்டில் எல்லாம் சாம்பார் சாதம்போலக் கலந்தே வரும். ஒலியை மட்டும் வேண்டும் என்றாலும் முழுவதையும் வாங்கிப் பிரித்தெடுக்க வேண்டும். 2110 என்பது அடுக்குக் கேரியர். படத்துக்கு ஓர் அடுக்கு, ஒலிக்கு ஓர் அடுக்கு, சப்டைட்டில் போன்ற துணைத் தகவல்களுக்கு ஓர் அடுக்கு. யாருக்கு எது வேண்டுமோ அந்த அடுக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நூறு கிகாபிட் ஃபைபர் ஒன்று, எழுபது எண்பது எச்.டி. படங்களை இரு திசையிலும் சுமக்கும். கட்டுக் கட்டாகக் கேபிள்கள் ஓடிய இடத்தில் ஒரு மெல்லிய இழை போதும்.

ஆனால் தனித்தனி அடுக்காகப் பிரிந்து, வெவ்வேறு வழியில் வருபவை சேரும் இடத்தில் உதட்டசைவும் குரலும் பொருந்த வேண்டுமே. தவிலும் நாகசுரமும் ஆளுக்கொரு பக்கம் நின்றாலும் தாளம் ஒன்றாக இருப்பதுபோல, வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவியும் ஒரே கடிகாரத்தைக் கேட்க வேண்டும். பி.டி.பி. என்ற நேர ஒழுங்கு அந்தத் தாளத்தைத் தருகிறது. வழக்கமாக ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிடமிருந்து நேரம் வாங்கும் ஒரு தலைமைக் கடிகாரம், நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுத் துல்லியத்தில் மற்ற எல்லாவற்றையும் இழுத்து நிறுத்துகிறது. பாதுகாப்புக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரே ஓடையை இரண்டு தனித்தனி வலையமைப்புகளில் ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். ஒன்றில் ஒரு பொட்டலம் தொலைந்தால் மற்றதிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம். பார்ப்பவருக்குத் திரையில் ஒரு சிமிட்டல்கூடத் தெரியாது.

வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் பிபிசி தன் பழைய லாண்டாஃப் வளாகத்தை விட்டுச் சென்ட்ரல் ஸ்குவேரில் கட்டிய புதிய மையம் இந்த முறையில் அமைந்ததுதான். பிபிசியின் கட்டடங்களில் அதுதான் முன்னோடி. கனடாவில் 1973இல் திறந்த கோபுரக் கட்டடத்தை விட்டு மான்ட்ரியாலிலேயே புதிய மாளிகைக்குக் குடிபெயர்ந்த ரேடியோ-கனடாவும் அதே வழியில் போனது. இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கட்டடமே புதிதாகக் கட்டும்போதுதான் அவர்கள் மாறினார்கள். ஓடும் வண்டியில் சக்கரம் மாற்றுவது எவ்வளவு கடினம் என்று அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

பெட்டி கரையும் இடம்

கேபிள் மாறினாலும் பெட்டி பெட்டியாகவே இருக்கலாம். இரண்டாம் படிதான் மெய்யான பாய்ச்சல், பெட்டியையே மென்பொருளாக்குவது.

ஒரே கணினியைப் பல கணினிகள்போல நடிக்கவைக்கும் உத்தி, 1960களில் ஐ.பி.எம்.மின் பெருங்கணினிகளிலேயே இருந்தது. பிறகு அது சாதாரண சர்வர்களுக்கு வந்தது. 2013இல் டாக்கர், 2014இல் குபர்நெட்டீஸ் என்ற மென்பொருள்கள் வந்தபின், ஒரு மென்பொருளை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் ஒரு மூட்டையாகக் கட்டி எந்த சர்வரிலும் இறக்கி ஓடவிடலாம் என்றானது. வங்கிகளும் கடைகளும் இதில் எப்போதோ குடியேறிவிட்டன.

தொலைக்காட்சிக்கு மட்டும் இவ்வளவு தாமதம் ஏன்? பொறியாளர்களின் பிடிவாதம் என்று சிலர் எழுதுவதை ஏற்க முடியவில்லை. வங்கிக் கணினி அரை நொடி தயங்கினால் வாடிக்கையாளருக்குத் தெரியாது, போகாத தகவலை மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். தொலைக்காட்சியில் அரை நொடி என்பது குறைந்தது பன்னிரண்டு படங்கள். போனது போனதுதான். முழு எச்.டி. படத்தை நொடிக்கு ஐம்பது என்ற கணக்கில் சுருக்காமல் அனுப்பினால், ஒவ்வொரு படமும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்களாகப் பிரியும். அப்படியானால் நொடிக்கு 2 லட்சத்துக்கும் மேல். அவை கூட்டமாக வந்து முட்டாமல், சீரான இடைவெளியில் போக வேண்டும். சாதாரண சர்வரின் இயங்குதளமோ ஒரே நேரத்தில் பத்து வேலைகளுக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பது. ஒவ்வொரு பொட்டலத்தையும் அது தன் கையால் வாங்கி, பார்த்து, எடுத்துக் கொடுத்தால் கதை நடக்காது. ஆகவே இயங்குதளத்தை ஒதுக்கிவிட்டு, வலையமைப்பு அட்டையும் ஒளிபரப்பு மென்பொருளும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் குறுக்குவழிகளை உருவாக்க வேண்டியிருந்தது. அதற்கே ஆண்டுகள் ஆயின.

எளிதாக வந்தது பிளேஅவுட். ஏற்கெனவே பதிவான நிகழ்ச்சிகளை வரிசைப்படி ஓடவிடும் வேலை அது. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் டிஸ்னி/ஏ.பி.சி. தொலைக்காட்சிக் குழு, இமேஜின் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து பிளேஅவுட்டை மென்பொருளுக்கு மாற்றப்போவதாக அறிவித்தபோது, துறையே நிமிர்ந்து பார்த்தது. பிறகு டிஸ்கவரி தன் சேனல்களை அமேசானின் மேகக்கணினிக்குக் கொண்டுபோனது. 2020இல் பெருந்தொற்று வந்து அறைகள் காலியானபோது, வீட்டிலிருந்தே சேனலை நடத்தலாம் என்பது தேவையாகிவிட்டது.

கடினமானது நேரலை. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில், ஒலிம்பிக் ஒளிபரப்பு நிறுவனம் கர்லிங் போட்டியில் மெய்நிகர் ஓ.பி. வேனை, அதாவது அரங்குக்கே போய் நேரலையைத் தயாரிக்கும் வண்டியின் மென்பொருள் வடிவத்தை, சோதித்துப் பார்த்தது. காட்சிகளை மாற்றும் மிக்சர், ரவுட்டர் என்று கனமான பெட்டிகள் நிறைந்த வண்டி செய்யும் வேலையைச் சர்வர்களில் ஓடும் மென்பொருள் செய்தது. 2024 பாரிஸில் ஜூடோ, துப்பாக்கிச் சுடுதல் போன்ற போட்டிகள் அந்த முறையிலேயே மெய்யாக ஒளிபரப்பாயின. 1964 டோக்கியோவில்தான் ஒலிம்பிக்ஸ் முதன்முதலாகச் செயற்கைக்கோளில் ஏறியது. அறுபது ஆண்டு கழித்துப் பாரிஸில், தொலைதூர சேனல்களுக்குப் படம் அனுப்புவதில் செயற்கைக்கோளை மேகக்கணினி முந்தியது.

அடுத்த கட்டமும் தொடங்கிவிட்டது. ஒரே சர்வருக்குள் இருக்கும் மிக்சர் மென்பொருளும் கிராபிக்ஸ் மென்பொருளும் படத்தைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பி மறுபடி உள்ளே வாங்குவது வீண் உழைப்பு. அடுத்த அறையில் இருப்பவருக்குத் தபாலில் கடிதம் போடுவதுபோல. படத்தை நினைவகத்தில் ஓரிடத்தில் வைத்து இருவரும் அங்கேயே எடுத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில், ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியமும் வட அமெரிக்க ஒளிபரப்பாளர் சங்கமும் சேர்ந்து எம்.எக்ஸ்.எல். என்ற திறந்தமூல முயற்சியை லினக்ஸ் அறக்கட்டளையில் வைத்து 2025இல் முன்னெடுத்தன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம். சேனல்கள் ஒரே நிறுவனத்தின் கையில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க இதைவிட நல்ல வழி இப்போதைக்கு இல்லை. இதை மனதார வரவேற்கிறேன்.

எல்லாம் ஒரே பிளக்கில்

அடுக்களைக் கணக்குக்குத் திரும்புவோம். அம்மி, ஆட்டுக்கல் இரண்டின் வேலையையும் மிக்சியும் கிரைண்டரும் எடுத்துக்கொண்டன. பெண்களின் முதுகு ஒடியாமல் காத்தன, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கரண்ட் போனால் எல்லாம் ஒன்றாக நிற்கும். அம்மி இருந்த வீட்டில் கரண்ட் போனதால் துவையல் நின்றதில்லை.

பிரான்ஸின் டி.வி.5 மோண்ட் அதை ஓர் இரவில் கற்றுக்கொண்டது. உலகெங்கும் சுமார் 200 நாடுகளுக்குப் பிரெஞ்சு மொழியில் ஒளிபரப்பும் நிறுவனம் அது. 2015 ஏப்ரல் 8 இரவு, அதன் 12 சேனல்களும் அடுத்தடுத்து இருண்டன. சமூக ஊடகக் கணக்குகளில் 'சைபர் காலிஃபேட்' என்ற பெயரில் மிரட்டல்கள் வந்தன. பின்னர் நடந்த விசாரணை, ரஷ்யாவைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு ஹேக்கர் குழுவைச் சுட்டியது. அவர்கள் நோக்கம் திருடுவது அல்ல, அழிப்பது. நிகழ்ச்சியை வெளியே அனுப்பும் என்கோடர் கருவிகளையே குறிவைத்துத் தகர்த்திருந்தார்கள். அதற்கு ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் முன்பே, ஜனவரி 23ஆம் தேதியே உள்ளே நுழைந்து, ஒளிபரப்பு எப்படி நடக்கிறது என்று ஆர அமரப் படித்திருக்கிறார்கள். நுழைய அவர்கள் பயன்படுத்திய வழிகள் ஏழு. அவற்றில் ஒன்று, ஸ்டுடியோவுக்குத் தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களைத் தந்த நெதர்லாந்து நிறுவனம்.

சேனலைக் காப்பாற்றியது தற்செயல். அன்றுதான் ஒரு புதிய சேனலைத் தொடங்கியிருந்தார்கள், அதற்காகப் பொறியாளர்கள் இரவிலும் அலுவலகத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், தாக்குதல் எந்தக் கணினி வழியாக நடக்கிறது என்று கண்டுபிடித்து, அதை இணையத்திலிருந்து துண்டித்தார். மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணி வாக்கில் முதல் சேனல் திரும்பியது. அந்த ஒருவர் அன்று வீட்டுக்குப் போயிருந்தால் நிறுவனமே மூழ்கியிருக்கக்கூடும். அப்போதைய தலைமை இயக்குநர் ஈவ் பிகோ இதை வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். இழப்பையும் பாதுகாப்புச் செலவையும் சேர்த்து முதல் ஆண்டில் 50 லட்சம் யூரோ, அடுத்த ஒவ்வோர் ஆண்டும் 30 லட்சத்துக்கும் மேல் என்பது அவர் சொன்ன கணக்கு.

எஸ்.டி.ஐ. கேபிள் வழியாக யாரும் ஹேக் செய்து உள்ளே வர முடியாது. ரவுட்டரின் பின்னால் நிற்கும் மனிதரைத் தாண்டித்தான் வர வேண்டும். இணைய மொழிக்கு மாறும்போது அந்தப் பழைய பாதுகாப்பை இழக்கிறோம். நிருபரின் மடிக்கணினி, கணக்குப் பிரிவின் மின்னஞ்சல், ஒளிபரப்பின் உயிர்நாடி எல்லாம் ஒரே வகைக் கம்பியில் ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே சுவர் எழுப்பத் தெரியாத நிறுவனம் மாறாமல் இருப்பதே நல்லது. சேனல் முதலாளிகள் யாராவது இதைப் படித்தால், மென்பொருள் விற்பவர் காட்டும் வண்ணப் படங்களைப் பார்க்கும் முன், அந்தச் சுவருக்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

செலவு குறையும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் காரணம். அது பாதி உண்மை. பெட்டி வாங்கும் பெருஞ்செலவு போய், மாதாமாதம் உரிமக் கட்டணம் வருகிறது. மேகக்கணினியில் வைத்தால், அங்கிருந்து படத்தை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் கட்டணம். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் சேனலுக்குச் சொந்த சர்வரே மலிவாக இருக்கலாம், பத்து நாள் திருவிழாவுக்கு மட்டும் தோன்றி மறையும் சேனலுக்கு வாடகைதான் லாபம். கணக்குப் போட்டுப் பார்க்காமல் பொதுவாகச் சொல்லும் எதையும் நம்ப வேண்டாம்.

ஆட்கள் குறைவார்கள் என்பது இரண்டாவது காரணம். இதில்தான் எனக்குக் கவலை அதிகம். முப்பது ஆண்டுகள் எம்.சி.ஆரில் இருந்த ஒருவருக்கு, உதட்டுக்கும் குரலுக்கும் நடுவே இரண்டு பட இடைவெளி வந்தாலே தெரியும். கறுப்புத் திரை என்பது மங்கலான காட்சியா, அறுந்த இணைப்பா என்று பார்த்ததும் சொல்வார். வலையமைப்பை மட்டும் படித்து வரும் இளைஞருக்குப் பொட்டலங்கள் ஒழுங்காகப் போவது தெரியும், படம் கெட்டிருப்பது தெரியாமல் போகலாம். அந்த இளைஞர் அறிந்ததை மூத்தவரும், மூத்தவர் அறிந்ததை இளைஞரும் கற்றுக்கொள்ள ஒரே அறையில் சில ஆண்டுகள் வேண்டும். பெட்டியோடு சேர்த்து மனிதரையும் வெளியேற்றும் நிறுவனம், தன் கண்ணைத் தானே பிடுங்கிக்கொள்கிறது.

ஊறுகாய் அல்ல

இவ்வளவும் சொன்ன பிறகும், மாறத்தான் வேண்டும் என்கிறேன். காரணம், லண்டனின் அந்தச் சனிக்கிழமையில் இருக்கிறது.

அன்று கெட்டது ஓர் அறை. அறையோடு சேனலும் கட்டுண்டு கிடந்ததால் சேனலும் கெட்டது. மென்பொருளாக மாறிய சேனல் ஓர் அறைக்குக் கட்டுப்பட்டதல்ல. அதன் முழு அமைப்பும், எந்த லோகோ எங்கே, எந்த ஒலி எந்த அளவில், எந்தச் சப்டைட்டில் எந்தத் தடத்தில் என்பது உட்பட, எழுதிவைத்த கோப்பாக இருக்கும். இந்த ஊரில் அறை கெட்டால், வேறு ஊரில் அதே கோப்பை எடுத்து, அங்கிருக்கும் சர்வர்களில் அதே சேனலை எழுப்பலாம். பெட்டிகளை நம்பியிருந்த காலத்தில் இதைச் செய்ய இன்னொரு முழு எம்.சி.ஆரைக் கட்டிப் பூட்டி வைக்க வேண்டும். பணம் உள்ளவர்களுக்கு மட்டுமே அது முடியும். சிறிய மொழிகளின் சேனல்களுக்கும், பொதுமக்கள் பணத்தில் நடக்கும் சேனல்களுக்கும் இந்தக் காப்பு இப்போது எட்டும் தொலைவில் வந்திருக்கிறது. மாறுவதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

ஆனால் கோப்பில் எழுதியது மட்டும்தான் எழும். சேனல் 4இன் மாற்றுத் திட்டத்தில் படத்துக்கும் விளம்பரத்துக்கும் கிடைத்த இடம் சப்டைட்டிலுக்குக் கிடைக்கவில்லை. 2022 ஜூனில் பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தீர்ப்பளித்தது. ஃப்ரீசாட் செயற்கைக்கோள் தளத்தில் 2021ஆம் ஆண்டு முழுவதற்குமாகப் பார்த்தால், 90 சதவீத நிகழ்ச்சி நேரத்துக்குச் சப்டைட்டில் தர வேண்டிய சேனல் 4, 85.41 சதவீதத்தோடு நின்றுவிட்டது. அது உரிம விதிமீறல். இன்னொரு குற்றமும் கண்டார்கள். என்ன நடந்தது, எப்போது சரியாகும் என்று பாதிக்கப்பட்ட பார்வையாளர்களுக்கு ஒழுங்காகத் தெரியப்படுத்தவில்லை என்பது அது. நம் பழைய அட்டையாவது வருந்துகிறோம் என்று எழுத்தில் சொன்னது.

ஒளிபரப்புத் துறையில் சப்டைட்டில் எப்போதும் ஊறுகாய்தான். இலையில் கடைசியாக வரும், தீர்ந்துபோனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைப்பார்கள். காது கேளாத ஒருவருக்கு அதுதான் சோறு. கண் தெரியாத ஒருவருக்குக் காட்சி விளக்க ஒலிதான் படம். புதிய முறையில் இவை ஒவ்வொன்றும் தனி அடுக்கு. படத்தோடு கலந்து கிடந்த காலத்தில் படம் போனால் இவையும் போகும், படம் வந்தால் பெரும்பாலும் இவையும் வரும். தனித்தனியாகப் பிரிந்தபின், படம் மட்டும் வந்து இவை வராமல் போவது முன்னைவிட எளிது. அதே காரணத்தால், இவற்றைத் தனியாகக் காப்பதும் தனியாக மீட்பதும்கூட எளிது. எது நடக்கும் என்பது, மாற்றுத் திட்டத்தை எழுதுகிறவர் முதல் பக்கத்தில் எதை எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது.

சேனல்களை மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருக்கும் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, அறிவித்துவிட்டு, ஓர் இரவு முழுவதும் மாற்று மையத்திலிருந்தே சேனலை நடத்துங்கள். படம் வருகிறதா என்று பார்க்க ஆட்கள் இருப்பார்கள். ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு அந்த இரவைப் பார்க்க, காது கேளாத ஒருவரை அழைத்து முதல் நாற்காலியில் உட்கார வையுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு ஒத்திகையை முடியுங்கள்.